நீதிபதியின் பெரிய வெள்ளியும் தொழிலாளியின் ஞானஸ்நானமும்



நினைவுச் சொற்பொழிவுக்காக ஆண்டுதோறும் இந்த மேடையில் ஒரு சிக்கலை எடுத்துப் பேசுகிறோம். இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டிருப்பது, ஒரு நீதிபதி எழுதிய கடிதத்தை. பதவிக் கடமை, மத உரிமை, குடும்ப வாழ்வு ஆகிய மூன்றும் அந்தக் கடிதத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலை நம் மக்களின் இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே என் பேச்சு.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 3 பெரிய வெள்ளி. ஏப்ரல் 5 ஈஸ்டர். அந்த நாட்களில் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளின் மாநாட்டை டெல்லியில் நடத்த அப்போதைய தலைமை நீதிபதி எச்.எல். தத்து ஏற்பாடு செய்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப் அவருக்குக் கடிதம் எழுதினார். தீபாவளி, தசரா, ஹோலி, ஈத் போன்ற நாட்களில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை வைப்பதில்லையே, எங்கள் புனித நாளில் மட்டும் ஏன் என்பது அதன் சாரம். மாநாட்டையொட்டிப் பிரதமர் அளித்த விருந்துக்கும் அவர் போகவில்லை. அந்த நாட்களில் கேரளத்தில் குடும்பத்தோடு இருப்பதாகப் பிரதமருக்கு எழுதிவிட்டார்.

மாநாடு குறித்த நாளிலேயே நடந்தது. நீதிமன்ற வேலை நாட்கள் வீணாகக் கூடாது என்று காரணம் சொல்லப்பட்டது. தலைமை நீதிபதியின் பதிலில் ஒரு கேள்வியும் இருந்தது. நிறுவனத்தின் நலனா, தனிமனிதரின் நலனா, எதற்கு முதலிடம் தருவது? தாம் நிறுவனத்துக்கே தருவதாக அவர் எழுதினார்.

கேட்க நியாயமாகத்தான் தோன்றும். பொங்கலன்று பேருந்து ஓட்டுகிறார்கள். கிறிஸ்துமஸ் இரவில் செவிலியர் வேலை பார்க்கிறார்கள். துப்புரவுத் தொழிலாளிக்குத் தீபாவளிக்கு மறுநாள்தான் வேலையே கூடுதல். நீதிபதிக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்கலாம். ஆனால் நோயாளி நாள் பார்த்து வருவதில்லை. மாநாட்டுத் தேதியை ஒருவர் நாள்காட்டியைப் பார்த்துத்தான் குறிக்கிறார். அப்படிக் குறிக்கும்போது எந்த நாள் கண்ணில் படுகிறது, எந்த நாள் படாமல் போகிறது என்பதுதான் கேள்வி.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கடமை. அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீதிபதியின் உறுதிமொழி இருக்கிறது. அச்சமோ சார்போ, விருப்போ வெறுப்போ இல்லாமல் பணியாற்றுவேன் என்பது அதன் உயிர். அதே உறுதிமொழியைக் கடவுளின் பெயராலும் எடுக்கலாம், கடவுளைச் சொல்லாமல் உளமார உறுதி கூறியும் எடுக்கலாம். ஆகவே நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சட்டம் நீதிபதியிடம் கேட்கவில்லை. அது தீர்ப்புக்குள் நுழைந்து ஒருவருக்குச் சார்பாகிவிடக் கூடாது என்றுதான் கேட்கிறது.

அடுத்தது மத உரிமை. 25ஆம் பிரிவு எல்லா மனிதருக்கும் உரியது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுநலவாழ்வு, பிற அடிப்படை உரிமைகள் என்ற வரம்புகளுக்கு அது உட்பட்டது. நீதிபதி ஆனதால் ஒருவர் அந்த ‘எல்லா மனிதர்’ என்ற சொல்லிலிருந்து வெளியே போய்விடுவதில்லை.

மூன்றாவது தனி வாழ்வு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. வீடு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் அதற்குள் வரும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 22 அன்று, முத்தலாக் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளும் ஐந்து மதத்தவர் என்று ஊடகங்கள் எழுதின. அதில் ஒருவர் குரியன் ஜோசப். இஸ்லாமிய மரபிலும் முந்தைய தீர்ப்புகளிலும் நின்று, குர்ஆனுக்கு எதிரான வழக்கம் மதத்தின் பகுதியாக முடியாது என்று எழுதினார். மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மை அவரோடு சேர்ந்து உருவானது. தன் புனித நாளுக்காக வாதாடியவர், பிறர் மதத்தைப் பற்றிய வழக்கில் அந்த மதத்தின் நூலையே அளவுகோலாக எடுத்தார். தீர்ப்பின் தர்க்கத்தோடு நமக்கு மாறுபாடு இருக்கலாம். ஆனால் பெரிய வெள்ளியன்று வீட்டில் இருக்க நினைப்பவரால் நடுநிலையாக இருக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் ‘நிறுவனம்’, ‘தனிமனிதர்’ என்ற அந்தப் பிரிவினை எங்கிருந்து வருகிறது? நமக்கு இது புதிதல்ல. நம் கிராமங்களில் அவர்கள் குடியிருக்கும் பகுதியின் பெயர் ‘ஊர்’. நாம் இருப்பது ‘சேரி’, ‘காலனி’. ஊர்த் திருவிழா என்றால் அது எல்லாருக்கும் பொதுவாம். நாம் கும்பிடுவது காலனிக்காரர்களின் விசேஷமாம். வலுவானவரின் வழக்கம் பொது என்று பெயர் பெறும்போது, மற்றவரின் வழக்கம் சொந்த விவகாரம் ஆகிவிடுகிறது. 2015இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரே ஒரு நாள் சேரிப் பக்கம் நிற்க நேர்ந்தது.

2025இல் இதன் கொடிய வடிவத்தைப் பார்த்தோம். கஜுராஹோ கோயிலின் சிதைந்த விஷ்ணு சிலையைப் புதுப்பிக்கக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தபோது தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் சொன்ன ஒரு சொல்லுக்காக, அக்டோபர் 6 அன்று நீதிமன்றத்துக்குள்ளேயே அவர்மேல் காலணி வீச முயன்றார் ஒரு வழக்கறிஞர். எல்லா மதங்களையும் மதிக்கிறேன் என்று கவாய் முன்பே விளக்கியிருந்தார். அது போதவில்லை. அவர் தலித், பௌத்தர் என்பது ஏச்சுக்குரிய பொருளானது. சிலருடைய மதம் மட்டும் எப்போதும் எல்லார் கண்ணிலும் படுகிறது.

தோழர்களே, இதோடு நிறுத்தினால் நீதிபதிகளுக்காக இரங்கியதோடு பேச்சு முடிந்துவிடும். நீதிபதி கடிதம் எழுத முடிந்தது, விருந்தை மறுக்க முடிந்தது. பதவியும் போகவில்லை, சம்பளமும் போகவில்லை. இதே மோதல் நம் மக்களுக்கு வரும்போது என்ன நடக்கிறது?

1985இல் உச்ச நீதிமன்றம் சூசை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த தொழிலாளி அவர், ஆதிதிராவிடக் கிறித்தவர். பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. அந்த ஆணைப்படி இந்துக்கள்தான் பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. அதே சாலை, அதே ஊசி, அதே தோல். ஞானஸ்நானம் மட்டும்தான் வேறு. அவர் வழக்கில் தோற்றார்.

2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், தான் இந்துப் பட்டியல் சாதி என்று சான்றிதழ் கோரினார். எழுத்தர் வேலைக்காக அது தேவைப்பட்டது. குழந்தையாக இருக்கும்போதே அவர் ஞானஸ்நானம் பெற்றது, தேவாலயத்துக்குப் போய்வருவது எல்லாம் அவருக்கு எதிரான சான்றுகளாயின. சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின்மீது செய்யும் மோசடி என்றது நீதிமன்றம்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. ஒரு நீதிபதி பெரிய வெள்ளியன்று வீட்டுக்குப் போவது அவருடைய கண்ணியம். ஒரு தலித் பெண் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவது அவர் வேலையைப் பறிக்கும் சான்று. 25ஆம் பிரிவு இருவருக்கும் ஒன்றுதான். விலை மட்டும் ஒன்றல்ல. நீதிபதிகள் மதமற்றவர்களாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தமக்கு வேண்டும் என்று அவர்கள் உணரும் இடத்தை, தம் முன் நிற்கும் மனுதாரருக்கும் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சூசை வழக்கில் நீதிமன்றம் சொன்ன காரணத்தைப் படித்துப் பாருங்கள். மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்டப் போதிய தரவு முன்வைக்கப்படவில்லை என்றார்கள். தரவு இல்லாமல் இல்லை. திருச்சி மேலப்புதூரில் இறந்தவர்களையே சாதியால் பிரிக்கக் கல்லறையில் சுவர் எழுப்பியிருந்தார்கள். தனி வரிசை, தனித் தெரு, தேர் வராத தெரு என்று உங்கள் ஊரிலேயே இருக்கும். அவற்றைத் தேதி, இடம், சாட்சி, புகைப்படத்தோடு எழுதி வையுங்கள். மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அங்கும் நீதிமன்றங்களிலும் நாளைக்கு வைக்க வேண்டியது இந்தத் தரவுகளைத்தான்.

களத்தில் இருக்கும் தோழர்கள் சாதிச் சான்றிதழ் விசாரணைகளைக் கவனியுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து மதத்தை முடிவு செய்யும் அதிகாரி முன்னால் நம் மக்கள் தனியாக நிற்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் சட்டம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் போங்கள்.