மஞ்சட் சட்டை அணியாத வீரர்

குறிஞ்சாக்கேணியில் வயலுக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் மக்களைச் சுமந்து செல்வது துவிச்சக்கரவண்டி. பிரான்சு தேசத்திலோ அது ஒரு பெரும் வீரவிளையாட்டிற்கும் கருவியாகும். 1903ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தூர் தெ பிரான்சு’ என்னும் போட்டி, மலையும் சமவெளியும் கடந்து ஏறக்குறைய மூன்று வாரம் நடைபெறுவது. நாள்தோறும் எடுத்த நேரம் கூட்டப்பெறும். மொத்த நேரம் குறைந்தவரே முதல்வர். அவர்க்குரிய அடையாளம் மஞ்சட் சட்டை. அச்சட்டையை ஒரு நாளேனும் அணியாத ஒருவர் அந்நாட்டு மக்களின் பேரன்பிற்கு உரியவரானார். அவர்தாம் ரேமொன் புலிதோர். தோல்வி மனிதனைச் சிறுமைப்படுத்துமோ என்னும் வினாவிற்கு அவர் வரலாறு நல்லதொரு விடையாகும்.

புலிதோர் 1936இல் பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள குரோஸ் என்னும் பிரதேசத்தில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத எளிய குடியானவர். மகனும் இளமையிலேயே வயலில் உழைத்தார். தொழின்முறை வீரரான பின், 1961இல் மிலான் – சான்ரெமோ ஓட்டத்திலும், 1964இல் ஸ்பெயின் தேசச் சுற்றுப்போட்டியிலும் முதலிடம் பெற்றார். எனவே, அவர் வெற்றியே காணாதவர் என்பது பொருந்தாது.

1964ஆம் ஆண்டுத் தூர் போட்டியே அவர் புகழுக்கு அடிப்படை. அவருடன் மோதியவர், அதற்கு முன் நான்கு முறை வென்றிருந்த சாக் அங்கெத்தில். மொனாக்கோ நகரில் முடிந்த ஒரு நாளோட்டத்தில் புலிதோர் முந்தி வந்தார். ஆயினும் இன்னும் ஒரு சுற்று எஞ்சியிருப்பதை மறந்து முன்னதாகவே விரைந்து முடித்தார். அந்நாள் வெற்றியும், அதற்குரிய ஒரு நிமிட நேரச் சலுகையும் அங்கெத்திலுக்குச் சென்றன. பின்னர் பியூய் தெ தோம் என்னும் எரிமலைச் சரிவில் இருவரும் தோளொடு தோள் உரச ஏறினர். அன்று புலிதோர் 42 விநாடிகளை மீட்டார். எனினும் 14 விநாடிகள் குறைவாயின. போட்டி முடிவில் அவர் தோற்றது 55 விநாடிகளால். மொனாக்கோவில் இழந்த அந்த ஒரு நிமிடத்தை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும்.

மறு ஆண்டு அங்கெத்தில் பங்குபற்றவில்லை. புலிதோரே வெல்வார் எனப் பலரும் கருதினர். புதியவரான இத்தாலியர் பெலிச்சே ஜிமொந்தி வென்றார். 1968இல் மோட்டார்ச் சைக்கிள் ஒன்று மோதியதனால் போட்டியினின்றும் விலக நேர்ந்தது. 1974இல், தம் 38ஆம் வயதில், எடி மேர்க்ஸுக்கு அடுத்தவராக வந்தார். 1976இல், 40ஆம் வயதில், மூன்றாமிடம் எய்தினார். மும்முறை இரண்டாமிடம், ஐம்முறை மூன்றாமிடம். மஞ்சட் சட்டை மட்டும் இறுதிவரை கிட்டவில்லை. 1977இல் ஓய்வு பெற்றார்.

இத்துணைத் தோல்வி கண்டவரை மக்கள் நேசித்தது ஏன்? உழைப்பிற்கேற்ற பலன் எப்போதும் கிட்டுவதில்லை என்பதை உழவரும் தொழிலாளரும் தம் வாழ்விலேயே அறிந்தவர்கள். அவர்கள் புலிதோரிடம் தம்மையே கண்டனர். பாரதப் போரில் வென்றவன் அருச்சுனனே. ஆயினும் கர்ணனுக்காக நம்மவர் கண்ணீர் வடிப்பதில்லையா?

புலிதோர் 2019இல் காலமானார். 2021 யூன் மாதத்தில், அவர் மகள் வயிற்றுப் பேரர் மத்தியூ வான் டெர் பூல், பிரித்தானி நாட்டுக் குன்றொன்றில் வென்று மஞ்சட் சட்டையை அணிந்தார். எல்லையைக் கடக்கையில் பாட்டனாரை நினைந்து விரலை வான்நோக்கி உயர்த்தினார்.

பரீட்சைப் பெறுபேற்றில் ஓரிரு புள்ளிகளால் பின்தங்கி மனம் சோரும் மாணவர், 55 விநாடிகளால் தோற்ற பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் அதே பாதையில் ஓடிய இக்குடியானவன் மகனை நினைவிற் கொள்வாராக.