பழத்தோலும் புற்றுநோய் ஆராய்ச்சியும்

புதுச்சேரி குபேர் அங்காடியில் விற்கப்படும் மாதுளையின் எடையில் ஏறத்தாழப் பாதி தோலாகவே இருக்கிறது. சாறு பிழிந்தபின் குப்பைக்குப் போகும் அத்தோலை, உலர்த்திக் கஷாயமாக்கி வயிற்றுப்போக்குக்குக் கொடுத்து வந்த நம் வைத்தியர்கள் ஒருபோதும் வீணென்று கருதியதில்லை. இன்று புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் சிரத்தையும் அதன்மீது திரும்பியிருக்கிறது.

அத்தோலின் துவர்ப்புக்குக் காரணமான பூனிகலாஜின் என்னும் பதார்த்தம், உடலுக்குள் சென்றதும் எல்லாஜிக் அமிலமாகச் சிதைய, அவ்வமிலத்தைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் யூரோலித்தின்களாக மாற்றுகின்றன. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட பெருங்குடல் புற்றணுக்களின் பெருக்கத்தை இவை தடுப்பதோடு, அவ்வணுக்கள் தாமே மடியுமாறும் தூண்டுகின்றன. எனினும் அந்த மாற்றத்தை நிகழ்த்தும் பாக்டீரியாக்கள் எல்லாருடைய குடலிலும் ஒரே அளவில் அமைவதில்லை.

மாதுளையில் மட்டுமன்றி, பிற பழங்களின் தோலிலும் ஆராயத்தக்க பொருள் உண்டு; அதுவே பெக்டின். பிரெஞ்சு ஆட்சியினர் 1823-இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி நிறுவிய ஈராண்டுகளுக்குப் பின், பிரான்சில் ஆன்ரி பிராக்கொன்னோ என்னும் ரசாயன அறிஞர் பெக்டினைப் பற்றி விவரித்தார். எலுமிச்சை இனப் பழங்களின் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கப்பட்டு, ஜாம் உறைவதற்குப் பயன்படும் இப்பொருளைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது பியூட்டிரேட் உண்டாகிறது. பெருங்குடலின் நல்ல அணுக்களுக்கு ஆகாரமாகும் அதுவே, ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களின் வளர்ச்சியை ஒடுக்குகிறது.

ஆயினும் கண்ணாடித் தட்டில் பெற்ற வெற்றி மனித தேகத்திலும் கிட்டும் என்று நிச்சயிப்பதற்கில்லை. மாம்பழத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைச் சேர்த்து நடத்திய பரிசோதனையின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் மாத்திரையை உண்டவரிடையே அந்நோய் குறையாதது மட்டுமன்று, 18 சதவீதம் அதிகமாகவே காணப்பட்டது. பழத்தில் நன்மை தரும் ஒன்று, பிரித்தெடுத்துப் பேரளவில் கொடுக்கப்படும்போது தீமையாகவும் முடியலாம் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

ஆகவே, எறியப்படும் தோலையும் சக்கையையும் சேகரித்து ஆராய்வது நற்பணியே. அதற்கு நாம் துணை நிற்க வேண்டும். ஆனால் அத்தோலின் பொடியைச் சர்வரோக நிவாரணியென விற்பது, அச்சத்தில் தவிக்கும் குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதியாகும். 1823-ஆம் ஆண்டுப் பள்ளியின் வழித்தோன்றலாகக் புதுச்சேரிக் கோரிமேட்டில் இயங்கும் ஜிப்மர் மருத்துவமனையில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. பழங்களை நாள்தோறும் உண்போம். நோயின் அறிகுறி தோன்றினாலோ, ஒரு நாளும் தாமதியாது இத்தகைய மருத்துவமனையை நாடுவோம்.