அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

வல்லம் வடகால் சிப்காட்டில் வேலை கிடைத்ததுமே வீட்டில், "ஒரு மனை வாங்கிப் போடுப்பா" என்பார்கள். என் அண்ணனும் புரோக்கரின் இலவச வேனில் போய் (பிரியாணி வேறு!), கல் நட்டு கொடி கட்டிய இடத்துக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். பிறகு சிட்டாவைப் பார்த்தால் நஞ்சை! லேஅவுட் அங்கீகாரமும் கிடையாது. முன்பே மனையாகப் பதிவாகாத அப்படிப்பட்ட இடத்தைச் சார்பதிவாளர் பதிய மாட்டார். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு தடுக்கிறது.

30 வருட வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பட்டாவும் விற்பவர் பெயரும் ஒத்துப்போகணும். விலையோடு கணக்கு முடியாது: முத்திரைத்தீர்வை 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம். 10 லட்ச ரூபாய் மனைக்கு 90,000 தனியாகச் சேர்க்கணும். அந்த மதிப்புக்குள் அம்மா பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் 1 சதம் குறைவு.

அட்வான்ஸில் பாதி வந்தது. மீதிக்கு அண்ணன் இன்னும் புரோக்கர் வீட்டுக்கு நடக்கிறார்.