ஓய்வு நேரமும் இதய நலமும்

முன்பு இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காகப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இவ்விரு பிரிவினரையும் ஒப்பிட்டு ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவாக இருந்தது என்பது அதன் முடிவு. பின்னர் அவர் மேசைப் பணியில் இருந்த அரசு அலுவலர்களை ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் நீந்தியும் விளையாடியும் கடினமான தோட்டவேலை செய்தும் வந்தவர்களுக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்திருந்ததை 1973-இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. பகலெல்லாம் நாற்காலியில் கழிக்க நேர்ந்த நம்மைப் போன்றோருக்கு இது நற்செய்தி. பணியை மாற்ற இயலாது, மாலைப்பொழுதை மாற்றலாம்.

அந்த மாலைப்பொழுதில்தான் இதயத்துக்கு ஒவ்வாத பழக்கங்களும் குடியிருக்கின்றன. அவற்றை விட்டொழிக்க மன உறுதி ஒன்றே போதும் என்று பலரும் அறிவுரை கூறுவர். ஆனால் எந்தப் பழக்கமும் தனித்து நிற்பதில்லை. நான்கு மணித் தேநீர், கடை வாசல், உடன் நிற்கும் நண்பர் ஆகிய மூன்றும் சேர்ந்தே சிகரெட்டை நினைவூட்டுகின்றன. சிகரெட்டை மட்டும் அகற்றினால் அவ்விடத்தில் ஒரு வெறுமை எஞ்சும். அவ்வெறுமையை அதே நேரத்தில், இயன்றால் அதே நண்பரோடு, விருப்பமான வேறொன்றால் நிரப்ப வேண்டும். புகைக்கும் வேட்கை எழுந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். பேசிக்கொண்டே தெருக்கோடிவரை நடந்து திரும்புவதற்குள் அது கடந்துவிடக்கூடும்.

தொலைக்காட்சியின் முன் அமர்ந்து மிக்சர் கொறிப்பதும் இத்தகையதே. பசியைவிடக் கைகளின் ஓய்வின்மையே அதற்குப் பெரிதும் காரணம். பூத்தொடுத்தல், பின்னல் வேலை, வீணைப் பயிற்சி, கேரம் என எதுவாயினும் கைகளுக்கு வேலை கிடைத்தால் தட்டு மறந்துபோகும். கேரம் ஆடுவது உடற்பயிற்சி ஆகாது என்பது உண்மையே. எனினும் உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறும்போது, ஊறுகாயும் அப்பளமும் ஏற்கெனவே இடம்பிடித்த கணக்கில் மிக்சர் குறைவதே ஒரு நன்மை.

உடலை அசைக்கும் பொழுதுபோக்கும் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் தேவை. விறுவிறுப்பான நடை, மிதிவண்டி, தோட்டவேலை, நடனம் அனைத்தும் இதில் அடங்கும். செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அளவு சரிதானா என்பதை அறிய இவ்வெளிய சோதனை போதும். பிடிக்காததைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. பெரும் பொருட்செலவில் வாங்கிய நடைப்பயிற்சி இயந்திரம் துணி உலர்த்தும் கொடியாகிவிட்ட இல்லங்கள் எத்தனையோ! இறகுப்பந்து ஆடி முடித்தவுடன் நண்பர்கள் சமோசாக் கடைக்கு அழைப்பார்கள் என்பதையும் எதிர்பார்த்திருத்தல் நலம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்து ஆலோசித்த பின்னரே கடினமான ஆட்டங்களைத் தொடங்க வேண்டும். புகையிலையை நிறுத்த உதவி வேண்டுவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். புகைத்தலை நிறுத்திய ஓராண்டில், இதய நோய்க்கு அது கூட்டியிருந்த அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.