ஒரு புள்ளி, ஐந்நூறு குவெரி

உட்காருங்க, டீ வர்றதுக்குள்ள ரெண்டு டேபிள் போட்டுப் பார்த்துடலாம். ஆடி மாசம் புதுப்பாளையம் குருநாதசாமி திருவிழாவோட நம்ம அந்தியூர்ல கால்நடைச் சந்தையும் கூடுதுங்களா? காங்கேயம் காளை, பர்கூர் மலை மாடு, காட்டியவாடி, மார்வாரி குதிரைன்னு வந்து நிக்குது. அதையெல்லாம் பதிவு பண்ண ஒரு சின்ன மென்பொருள் எழுதறோம்னு வெச்சுக்குங்க.

டேட்டாபேஸ்ல முதல் டேபிள் உரிமையாளர்: எண், பேரு, ஊரு. ரெண்டாவது கால்நடை: எண், இனம், வயசு, விலை, கடைசியா உரிமையாளர் எண். மாட்டோட வரிசையில அது யாருதுங்கிற பேரு இருக்காது, எண்தான் இருக்கும். பேரு வேணும்னா ரெண்டு டேபிளையும் அந்த எண்ணை வெச்சு ஜாயின் பண்ணணும். ஐ.பி.எம்.ல இருந்த எட்கர் காட் 1970-ல எழுதிவெச்ச கணக்கு இது. இன்னைக்கும் போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் எல்லாம் அந்த வழியிலதான் நடக்குது.

பைத்தான்லயோ ஜாவாவிலயோ எழுதறவங்களுக்கு இப்படி யோசிக்கத் தோணாது. அவங்களுக்கு மாடு ஒரு ஆப்ஜெக்ட், உரிமையாளர் இன்னொரு ஆப்ஜெக்ட். மாடுன்னு எழுதி, புள்ளி வெச்சு உரிமையாளர், இன்னொரு புள்ளி வெச்சு ஊரு. அவ்வளவுதான். டேபிளுக்கும் ஆப்ஜெக்ட்டுக்கும் நடுவுல நின்னு இங்கிருந்து அங்க மாத்திக் கொடுக்கிற நூலகத்தைத்தான் ஓ.ஆர்.எம்.னு சொல்றோம். ஜாவாவுக்குக் கேவின் கிங் 2001-ல ஆரம்பிச்ச ஹைபர்நேட், பைத்தானுக்கு 2005-ல வெளிவந்த ஜாங்கோவுக்குள்ளயே இருக்கிறது, 2006-ல மைக் பேயர் வெளியிட்ட எஸ்க்யூஎல்ஆல்கெமி எல்லாம் இந்த வகை.

லாபம் நிறைய. கிளாஸ் எழுதினா டேபிள், அதுல ஒரு புலம் எழுதினா ஒரு நெடுவரிசை, ஒரு ஆப்ஜெக்ட்டைச் சேமிச்சா ஒரு வரிசை. நாளைக்கு ‘சுழி’ன்னு ஒரு நெடுவரிசை சேர்க்கணும்னா டேபிளை மாத்தற மைக்ரேஷனை ஜாங்கோவே எழுதிக் கொடுத்துடும். ஒருத்தர் பேரு கட்டத்துல வேணும்னே, டேட்டாபேஸ்கிட்ட பேசற மொழியான எஸ்க்யூஎல்ல ஒரு கட்டளையைத் தட்டினாலும், அதை வெறும் மதிப்பாத் தனியா அனுப்பறதால, வழக்கமான முறையில எழுதறவரைக்கும் டேபிள் தப்பிச்சுக்கும்.

இனி சிக்கலுக்கு வரலாம். 500 கால்நடைக்குப் பட்டியல் போடறோம், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல உரிமையாளர் ஊரு வரணும். ஜாங்கோவுல லூப் போட்டு அந்தப் புள்ளியை வெச்சா வேலை முடிஞ்சுது. திரையில சரியாத்தான் தெரியும். உள்ளுக்குள்ள நடந்தது வேற. கால்நடைகளை எடுக்க டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி, அதாவது ஒரு கேள்வி, போச்சு. அப்புறம் ஒவ்வொரு மாட்டுக்கும் உரிமையாளரைத் தேடி ஒவ்வொரு குவெரி. ஆகமொத்தம் 501. ஒரு தரம் போய்வர 2 மில்லிசெகண்ட் ஆகும்னு வெச்சாலும் அதுக்கே ஒரு செகண்டு போயிடும். நம்ம லேப்டாப்ல பத்து மாட்டை வெச்சுச் சோதிக்கறப்ப இது கண்ணுல படாது. சந்தை கூடினப்புறம்தான் பக்கம் திறக்காமச் சுத்தும். இதுக்கு ‘என் பிளஸ் ஒன்’னு பேரு.

மருந்து அதே நூலகத்துலயே இருக்கு. ஜாங்கோவுல ‘செலக்ட் ரிலேட்டட்’னு சேர்த்தா ஜாயின் போட்டு ஒரே குவெரியில ரெண்டு டேபிளையும் கொண்டாந்துடும். எதிர்த்திசையில, ஒருத்தருக்குப் பல மாடு இருக்கிறதை எடுக்கணும்னா ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’. அது இன்னொரு குவெரியில எல்லாத்தையும் மொத்தமா எடுத்து, பைத்தானுக்குள்ள பொருத்தும். எஸ்க்யூஎல்ஆல்கெமியில இன்னும் கறாராவும் இருக்கலாம். ‘ரெய்ஸ்லோட்’ வெச்சீங்கன்னா, முன்கூட்டிக் கேக்காத உறவைத் தொட்டதும் குவெரி அனுப்பாம எர்ரர் காட்டும்.

இனவாரியாச் சராசரி விலை கேட்டாலும் அப்படித்தான். எல்லா வரிசையையும் பைத்தானுக்குள்ள இழுத்துக் கூட்டி வகுக்கிறவங்க இருக்காங்க. குரூப் பை போட்டா டேட்டாபேஸ் அங்கயே கணக்குப் பண்ணி, இனத்துக்கு ஒரு வரி வீதம் அனுப்பிடும். அதையும் ஓ.ஆர்.எம்.லயே எழுதலாம். ஆனா குரூப் பைன்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அதைக் கேக்கத் தோணும்.

அதனால எஸ்க்யூஎல் தெரியாதவங்க ஓ.ஆர்.எம். வெச்சுச் சமாளிச்சுக்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. எஸ்க்யூஎல் தெரிஞ்சவங்க கை வலிக்காம இருக்கத்தான் அது. முதல்ல நாலு கேள்விக்கு எஸ்க்யூஎல்லைக் கையால எழுதுங்க. அப்புறம் அதையே ஓ.ஆர்.எம்.ல எழுதி, அது என்ன எஸ்க்யூஎல் அனுப்புதுன்னு பக்கத்துல வெச்சுப் பாருங்க. எஸ்க்யூஎல்ஆல்கெமியில ‘எக்கோ’வைத் திறந்துவிட்டாப் போதும், ஜாங்கோவுக்கு டீபக் டூல்பார் இருக்கு. ஜாங்கோவோட டெஸ்ட்ல குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்க ‘அசர்ட் நம்குவெரிஸ்’னும் ஒண்ணு உண்டு. 5 மாட்டுக்கு எத்தனை குவெரியோ 500 மாட்டுக்கும் அத்தனையேதான்னு அதுல எழுதி வெச்சிருங்க. அப்புறம் யாராவது ஒரு புள்ளியைக் கூடுதலா வெச்சா, பக்கம் சுத்தறதுக்கு முன்னாடியே டெஸ்ட் சொல்லிடும்.