எத்தேரியம் பிளாக்செயினில் உடன்பாடும் இறுதிநிலையும்

முன்னுரை

மைய அதிகாரம் இல்லாத கணினி வலையமைப்பில் அனைவரையும் ஒரே பதிவேட்டை ஏற்கச் செய்வது கணினியியலின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்றாகும். லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் ஆகியோர் 1982இல் இதனைப் ‘பைசாந்தியத் தளபதிகள் சிக்கல்’ என விளக்கினர். 2022 செப்டம்பர் 15 அன்று பங்குச் சான்று முறைக்கு மாறிய எத்தேரியம் இதற்கு அளிக்கும் தீர்வை இக்கட்டுரை விளக்குகிறது.

வாக்களிப்பு முறை

குறைந்தது 32 ஈதரைப் பிணையாக வைப்போர் சரிபார்ப்பாளர் ஆவர். காலம் 12 நொடி கொண்ட ஸ்லாட்டுகளாகவும், 32 ஸ்லாட்டுகள் ஓர் எபோக்காகவும் பகுக்கப்படும். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் குலுக்கல் முறையில் தேர்வாகும் ஒருவர் புதிய தொகுதியை முன்மொழிவார். அந்த ஸ்லாட்டுக்குரிய குழுவினர் வாக்களிப்பர். ஒருவர் ஓர் எபோக்கில் ஒரு முறையே வாக்களிப்பார். கிளைகள் தோன்றினால், வாக்கு எடை மிகுந்த கிளையே தொடரும். இவ்வுடன்பாடு விரைவானது, எனினும் மாறக்கூடியது.

அதே வாக்கு, எபோக்கின் தொடக்கத்தில் உள்ள சோதனைப் புள்ளியையும் குறிக்கும். மொத்தப் பிணையில் மூன்றில் இரண்டு பங்கின் ஆதரவு கிடைத்தால் அப்புள்ளி ஏற்புநிலை பெறும். அதனை அடுத்துவரும் புள்ளியும் ஏற்புநிலை பெற்றால், முந்தையது இறுதிநிலை எய்தும். வழக்கமாக இதற்கு ஏறத்தாழ 13 நிமிடம் ஆகும்.

மூன்றில் இரண்டு பங்கின் காரணம்

முரண்பட்ட இரு புள்ளிகள் ஒவ்வொன்றும் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றதாகக் கொண்டால், கூட்டுத்தொகை மூன்றில் நான்கு ஆகிவிடும். ஆகவே, குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் இரு பக்கமும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அக்கையொப்பங்களே அவர்களுக்கு எதிரான சான்றாகும். இத்தனை பேர் ஒருசேர மீறினால் அவர்களின் முழுப் பிணையும் பறிபோகும். இறுதிநிலையின் உறுதி இவ்விழப்பையே சார்ந்துள்ளது.

வாக்கு குறையும்போது

மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வாக்களியாவிடில் இறுதிநிலை தடைப்படும். 2023 மே 11, 12 ஆகிய நாள்களில் இத்தகைய தடை ஏற்பட்டது. எனினும் தொகுதிகள் தொடர்ந்து உருவாயின. தடை நான்கு எபோக்குகளைக் கடந்தால், வாக்களியாதோரின் பிணை படிப்படியாகக் கரையும். அதனால் வாக்களிப்போரின் பங்கு மீண்டும் மூன்றில் இரண்டை எட்டும். இவ்வேற்பாட்டிலும் ஓர் இடர் உண்டு. வலையமைப்பு நெடுங்காலம் இரண்டாகப் பிளவுபட்டால், எவரும் விதியை மீறாமலே இரு பக்கமும் தனித்தனியே இறுதிநிலை எய்தக்கூடும்.

முடிவுரை

ஒரு பரிமாற்றம் தொகுதியில் இடம்பெறுவதும் அத்தொகுதி இறுதிநிலை பெறுவதும் வெவ்வேறு நிலைகளாகும். முன்னது தொடர்ச்சியையும் பின்னது உறுதியையும் காக்கிறது. பதிவின் நம்பகத்தன்மையை மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்வது இன்றியமையாதது.