வெண்கலத்திலிருந்து குந்திரிக்கத்துக்கு

மெரினா உழைப்பாளர் சிலையைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். நான்கு ஆண்கள் பாறையொன்றை நெம்புகிறார்கள். தொடை இறுகியிருக்கிறது; முதுகுத் தசைகள் புடைத்திருக்கின்றன. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த இந்த வெண்கலச் சிலை 1959இல் நிறுவப்பட்டது. 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரிக்குத் தலைமை வகித்தவர் அவர். உடலின் பெருமை அதன் வலுவில் இருக்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. எலும்பும் தசையும் கைவசப்படாதவர் சிற்பியாக முடியாது.

அடுத்த தலைமுறையிலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதே கல்லூரியிலிருந்து வந்த பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து உருவம் செய்தார். தசை போனது, கோயில் மூர்த்திக்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டும் முன்பக்கம் நின்றது.

இன்று உலோகமும் போய்விட்டது. அக்கல்லூரியில் படித்த பெனிதா பெர்சியல் 2014 கொச்சி முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் வைத்த கிறிஸ்தவத் திருவுருவங்கள் குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், கிராம்பு, பட்டை ஆகியவற்றைப் பிசைந்து செய்தவை. இடம் ஃபோர்ட் கொச்சியின் பெப்பர் ஹவுஸ் என்ற பழைய பண்டகசாலை. கடல் வணிகம் செழித்த கரையில், வாசனைச் சரக்கே உடலாகி நின்றது.

மாற்றத்தின் ஆழம் தெரிய வேண்டுமானால் சுவாமிமலை உலோகச் சிற்பப் பட்டறையை நினைத்துப் பார்க்கலாம். தேன்மெழுகோடு குங்கிலியப் பிசினும் எண்ணெயும் சேர்த்து ஸ்தபதி உருவம் பிடிப்பார். மேலே வண்டல் மண் பூசிச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். அங்கே பிசினுக்கு வேலை, உருவத்தை ஒப்படைத்துவிட்டு விலகுவது. பெனிதாவிடமோ குந்திரிக்கப் பிசின் விலகுவதில்லை. அதுவே தோல், அதுவே சதை.

அதனால் உடலைப் பற்றிச் சொல்லும் சேதியும் வேறாகிறது. வெண்கல உழைப்பாளிக்கு வியர்வை இல்லை, மூப்பு இல்லை. வாசனைப் பொடியில் செய்த உடலுக்கு மணம் உண்டு. நாளாக நாளாக அது மங்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்தால் வெடிக்கவும் கூடும். நெருப்புப் பட்டால் புகையாகிவிடும். நம் உடம்புக்கு நெருக்கமானது இதுதான்.

ஆனால் இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. உழைப்பாளர் சிலைக்கு டிக்கெட் கிடையாது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கும் அது சொந்தம். கண்காட்சி உடலுக்கோ சீட்டும் உண்டு, முடிவு தேதியும் உண்டு. மணத்தைப் படம் பிடிக்கவும் வழியில்லை. அந்தச் சில மாதங்களில் கொச்சிக்குப் போகாதவர், புகைப்படத்தில் பார்ப்பது பாதிச் சிற்பம்தான்.